வன்னிச்சி வீட்டில் எத்தனை பெண்கள்

முதலில் எழுதிய கதையில் வன்னிச்சிக்கு ஒரேயொரு தோழிதான் இருந்தாள். மாசி மாதம் முடிவதற்குள் அந்த ஒருத்தி ஆறு பேராகப் பெருகிவிட்டாள். ஒருத்தி சாமரம் வீசினாள். ஒருத்தி வெற்றிலைத் தட்டு ஏந்தினாள். ஒருத்தி பூத் தொடுத்தாள். ஒருத்தி கிளிக்குப் பேச்சுப் பழக்கினாள். இன்னொருத்திக்கு விளக்குகளை அணைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. கடைசியாக வந்து சேர்ந்த பிரேமிளாவுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, வன்னிச்சி தலைவாரும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள் இராசமலர்.

படத்துக்குக் கதையும் வசனமும் இராசமலர். பரந்தன் சந்தியிலிருந்து சற்று உள்ளே, கூரையில் பாதி பறந்துபோன பழைய நெற்களஞ்சியம் ஒன்றுக்குள் அரண்மனை போட்டிருந்தார்கள். பலகைத் தூண்களுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து, கூறைச் சேலைகளைத் திரைகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நகைகள், போர் ஓய்ந்து வன்னிக்கு வெளியே போகும் பாதை திறந்திருந்த காலத்தில் வவுனியாவில் அஸ்வர் நானாவின் பான்சிக் கடையில் வாங்கி வைத்தவை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பற்று எனப்படும் ஒரு பிரிவை ஆண்டதாகச் சொல்லப்படும் கதிரநாச்சி என்கிற வன்னிச்சியின் கதை அது. வன்னிச்சியாக நடித்தவர் விமலேஸ்வரி ரீச்சர். இயக்குநர் ராசு. இயக்கத்தின் பழைய போராளி. இடது கை முழங்கையோடு போனபின் கமராவைப் பிடித்தவன்.

தோழிகளை இராசமலர் எங்கிருந்து பிடித்தாள் என்றால், நூலகத்தில் அவள் வாசித்துத் தள்ளிய மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து. அங்கே பனி கொட்டும் ஊர்களில் அரண்மனைகள் இருந்தன. சீமாட்டிகளுக்குக் கையுறை மாட்டிவிட ஒருத்தி, மெழுகுதிரி அணைக்க ஒருத்தி, கடிதம் வாசித்துக் காட்ட ஒருத்தி என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களுடைய கம்பளிகளைக் கழற்றிவிட்டுப் பரந்தன் வெயிலுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

ஏன் கூட்டி வந்தாள் என்பதை அவள் வெளியே சொல்வதில்லை. அது 2008. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தோடு போருக்கு வர வேண்டும் என்றிருந்தது மாறி, இருவர் என்று ஆகியிருந்தது. ட்யூஷனுக்குப் போன பிள்ளையும் கடைக்குப் போன பிள்ளையும் திரும்பி வரும் என்று எந்தத் தாயும் நம்பவில்லை. ஆனால் இந்தப் படமும் இயக்கத்தின் படம் என்பதால், படப்பிடிப்பில் நிற்பவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு மஞ்சள் கார்ட் கொடுத்தார்கள். படம் முடியும்வரை அந்தக் கார்ட் உள்ள பிள்ளையை ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

இராசமலரின் தங்கை சுகிர்தாவுக்கு அப்படி ஒரு கார்ட் இருக்கவில்லை. போன வருடம் பஸ் தரிப்பிடத்தில் வைத்து அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் சீல் வைத்த பெட்டி வந்தது. திறக்க விடவில்லை. அம்மா பெட்டியின் மூடியைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தடவிப் பார்த்துவிட்டு, "அவள் இவ்வளவு நீளமில்லையே" என்றாள்.

அதற்குப் பிறகு இராசமலர் ஒரு பெண்பிள்ளையைக் கண்டால், இவளுக்கு வன்னிச்சி வீட்டில் என்ன வேலை கொடுக்கலாம் என்றுதான் யோசித்தாள்.

பிரேமிளாவைக் கொண்டுவந்து விட்டவள் அவளுடைய தாய் மீனம்மா. எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். புருசன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். மீனம்மா வயல்களில் புல்லுப் பிடுங்கி மகளை வளர்த்தாள்.

"மலரு தங்கச்சி, எம்புள்ள நடிக்கக் கேக்கல. ஒரு மூலைல நிக்கட்டும். தூணுக்குப் பதிலா நிக்கச் சொன்னாலும் நிக்கும்" என்றாள்.

"நிக்கட்டும் அக்கா. எனக்குக் கண்ணாடி பிடிக்க ஒராள் தேவைப்படுது" என்றாள் இராசமலர், அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடித்து.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, யோகலிங்கம் மாஸ்ரர் வரும்வரை.

மாஸ்ரர் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். படத்தில் சரித்திரம் பிழையாகிவிடக் கூடாது என்று ராசுதான் அவரைக் கூப்பிட்டிருந்தான். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், மஞ்சள் தூண்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒரு தூணை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற பெண்களிடம் வந்தார்.

"உவள் ஆர்?"

"விளக்கு நூக்கிறவள், மாஸ்ரர்" என்றாள் இராசமலர்.

"விளக்கு நூக்கிறதுக்கு ஒராளோ? வன்னிச்சிக்கு வாயிலை காத்து இல்லையோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். விமலேஸ்வரி ரீச்சர் நெற்றிச்சுட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உந்த நகையெல்லாம் போட்டாப் பிறகு மூச்சு விடவே காத்தில்லை, மாஸ்ரர்" என்றார்.

"அங்கால நிக்கிறவள்?"

"கிளிக்குக் கதை பழக்கிறவள்."

"கிளி எங்கை?"

"கிளி இன்னும் கிடைக்கேல்லை."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. பிரேமிளாவின் முன்னால் போய் நின்று, கண்ணாடியில் தன் நரைத்த முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் காலத்தில இஞ்ச ஆரிட்டைக் கண்ணாடி இருந்தது? வன்னிச்சி தன்ரை முகத்தைக் குளத்துத் தண்ணியிலதான் பாத்திருப்பா." இராசமலர் பக்கம் திரும்பினார். "பிள்ளை, குறை நினையாதை. உது இந்தியாச் சீரியல். வன்னியன்ரை வீடு மண்சுவரும் கிடுகுக் கூரையும். ஒல்லாந்தனுக்கு யானை பிடிச்சுக் குடுத்துச் சீவிச்ச ஆக்கள். அவையளுக்கு அந்தப்புரமும் இல்லை, சாமரமும் இல்லை. கொசுவுக்கு வேப்பங்குழை அடிச்சிருப்பினம்."

"ஒரு சோடினைக்கு நிக்கட்டுமே, மாஸ்ரர்."

"சோடினைக்காகச் சரித்திரத்தைப் பிழைக்க விடேலாது."

இராசமலர் அவரைக் கண்ணால் கெஞ்சினாள். பக்கத்தில் ராசு நின்றான். வாயைத் திறந்து சொல்ல முடியாது. தான் எழுதியதைக் குறை சொன்னதற்காகப் பெண் அழப் பார்க்கிறாள் என்றுதான் மாஸ்ரர் நினைத்தார். நல்ல மனிதர். அதனால் குரலைத் தணித்துக்கொண்டு அதையே இன்னொருமுறை விளக்கமாகச் சொன்னார்.

ராசு தலையைச் சொறிந்தான். "மாஸ்ரர் சொல்லுறது சரி. மேலயிருந்தும் கேக்கினம், உதென்ன கூத்தெண்டு. மலர், ஒருத்தி காணும். மற்ற அஞ்சு பேரின்ர கார்ட்டையும் திங்கக்கிழமை வாங்கிப்போடு."

பிரேமிளா கண்ணாடியைச் சரித்தாள். அதிலிருந்து எழும்பிய வெளிச்சம் மஞ்சள் தூண்களில் ஓடி, கூரை ஓட்டை வழியாக வெளியே போனது.

அன்று பின்னேரமே இராசமலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்ரர் வீட்டுக்குப் போனாள். வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு அவளைக் கடந்தது. பளைக்கு அப்பாலிருந்து ஷெல் சத்தம், தூரத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்துவதுபோல் கேட்டது. மாஸ்ரர் கிணற்றடியில் தன் ஒரேயொரு வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. கோவமோ?"

"மாஸ்ரர், அந்தக் கார்ட் என்னத்துக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எந்தக் கார்ட்?"

அவள் சொன்னாள். கார்ட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பெட்டியைப் பற்றியும் சொல்லி, அம்மா மூடியைத் தடவியதையும் சொன்னாள். மாஸ்ரர் பிழிந்த சேட்டைக் கையில் வைத்துக்கொண்டே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். சேட்டிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"ஏன் பிள்ளை, எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, வன்னிச்சிக்கு ஆறு தோழி இருந்ததெண்டு சொல்லியிருப்பீங்களோ?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "சொல்லியிருக்க மாட்டன். பெருமைக்குச் சொல்லேல்லை, பிள்ளை. எனக்குப் பொய் வராது. காது சிவந்துபோம். என்ரை மனிசி சமைச்ச புட்டை ஒருநாளும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை. கடைசியா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் அவா அதைத்தான் சொல்லிக் காட்டினவா."

இராசமலர் எழுந்தாள். அவளுக்குப் பேச இன்னும் இருந்தது. பேசி என்ன வரப்போகிறது என்றும் இருந்தது.

"நான் வாறன், மாஸ்ரர்."

"நில். அந்தப் பெண்டுகள்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "போட்டு வா. நான் யோசிக்கோணும்."

மறுநாள் காலை, ஜெனரேற்றர் போடுவதற்கு முன்பே மாஸ்ரர் களஞ்சியத்துக்கு வந்துவிட்டார். சேட்டு இன்னும் அரை ஈரமாக முதுகில் ஒட்டியிருந்தது.

"தம்பி ராசு, நான் நேற்றுச் சொன்னது அரைவாசிதான்."

"மிச்சம் என்ன, மாஸ்ரர்?"

"தோழியள் இல்லையெண்டுதான் சொன்னனான். பொம்பிளையள் இல்லையெண்டு சொல்லேல்லை. யானை பிடிக்கக் காட்டுக்கை போற ஆம்பிளையளுக்கு ஆர் அரிசி குடுத்து விட்டது? காவல்காரருக்கு ஆர் சோறு போட்டது? வன்னிச்சின்ர வீட்டு முத்தம் முழுக்க உரல்தான் இருந்திருக்கும். பொழுது விடிஞ்சால் அங்கை நெல்லுக் குத்துற சத்தம்தான். வன்னிச்சியும் கூடநிண்டு குத்தியிருப்பா. மெய்யா எடுக்கிறதெண்டால் உந்த அஞ்சும் காணாது. இன்னும் வேணும்."

அவர் காது சிவக்கவில்லை. சொன்னதெல்லாம் அவர் நம்பிய உண்மை.

ராசு மாஸ்ரரைப் பார்த்தான். பிறகு திரும்பி இராசமலரைப் பார்த்தான், கொஞ்சம் கூடுதலான நேரம். அவனுக்கு எவ்வளவு விளங்கியிருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆறு பேரும் நிக்கட்டும்" என்றான். "தூணுகளைப் பிடுங்குவம்."

இப்படித்தான் அரண்மனை இடிந்து வன்னிச்சியின் வீடு வந்தது. மஞ்சள் தூண்கள் இருந்த இடத்தில் மண்சுவர் எழுந்தது. கூறைச் சேலைகளை மடித்துப் பெட்டியில் போட்டார்கள். விமலேஸ்வரி ரீச்சரின் நகைகளெல்லாம் கழன்று, ஒரு பாசிமாலை மட்டும் மிஞ்சியது.

"அரசியெண்டு கூப்பிட்டுப்போட்டு, வெறுங்கழுத்தோட நெல்லுப் புடைக்க விட்டிட்டீங்கள்" என்றார் ரீச்சர். "என்ரை வீட்டிலயே நான் உவ்வளவு வேலை செய்யிறதில்லை."

ஊர் ஊராகப் போய் உரல்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். நெல்லுக்குத் தட்டுப்பாடு என்பதால் முதலில் உமியைத்தான் போட்டுக் குத்தினார்கள். மாஸ்ரர் இரண்டு நாள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "உமியிலை சத்தம் வெறுமனே கிடக்கு" என்றார். அடுத்த நாள் சைக்கிள் கரியரில் தன் வீட்டு நெல்லு மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஓர் உரலுக்கு இரண்டு பேர். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது எழும்ப வேண்டும். பிழைத்தால் உலக்கையோடு உலக்கை முட்டி, கை விறைத்துப்போகும். பிரேமிளாவும் விளக்கணைப்பவளாக இருந்த கெங்காவும் ஒரு சோடி.

"எவ்வளவு சொகமா இருந்தனான், கண்ணாடியும் கையுமா" என்றாள் பிரேமிளா. தாயின் தமிழும் பள்ளிக்கூடத்துத் தமிழும் அவள் வாயில் கலந்து வரும். "இப்பப் பாருங்க அக்கா, கையெல்லாம் கொப்பளம்."

"மாஸ்ரர்தானே எங்களை அந்தப்புரத்தால கலைச்சு விட்டவர்" என்றாள் கெங்கா. "மாஸ்ரர், அந்தக் காலத்தில மத்தியானத்தில பொம்பிளையள் படுக்கிறேல்லையோ? அதுக்கு ஏதும் சான்று இல்லையோ?"

"சான்று கிடைச்சால் சொல்லுறன். இப்பக் குத்து."

ராசு அந்த உரல் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தான். ஒருநாள் வெயில் கூடிப்போச்சு என்றான். ஒருநாள் உரல் சரியான இடத்தில் இல்லை என்றான். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல், "இன்னொருக்கா எடுப்பம்" என்றான். அப்போதுதான் இராசமலருக்கு, அவனும் தங்களோடு நிற்கிறான் என்று பட்டது. அவர்கள் மூவரும் அதைப் பற்றி ஒருபோதும் கதைத்துக்கொள்ளவில்லை.

பங்குனி போய்ச் சித்திரையும் போனது. பிள்ளைகளின் கொப்பளங்கள் காய்ந்து தழும்பாகின. வெயிலில் கறுத்துப்போனார்கள். ஆரம்பத்தில் உலக்கையைத் தூக்கவே மூச்சு வாங்கியவர்கள் இப்போது ஒற்றைக் கையால் தூக்கி மறுகைக்கு மாற்றினார்கள். பிரேமிளாவின் தோள்கள் அகன்றன. மத்தியானச் சோறு கொண்டுவரும் மீனம்மா, மகளின் புயத்தைப் பிடித்துப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு வலு வந்துருச்சே" என்று பெருமைப்பட்டாள்.

இராசமலர் மட்டும் அதைக் கேட்கும்போது பிள்ளைகளின் மஞ்சள் கார்ட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். ஏன் எண்ணினாள் என்று அவள் நின்று யோசிக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் பிக்கப் ஒன்று வந்து நின்றது. பின்னால் தறப்பாள் போட்டிருந்தது. இயக்கத்தின் ஆட்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். எடுத்தவரைக்கும் பார்க்க வந்திருப்பதாக மூத்தவர் சொன்னார். முன்தலை வழுக்கை விழுந்த, மரியாதையாகக் கதைக்கிற மனிதர். மாஸ்ரருக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுத்தான் தான் இருந்தார்.

ரீவியில் முதலில் பழைய அரண்மனைக் காட்சிகள் ஓடின. சாமரம், வெற்றிலைத் தட்டு, கண்ணாடி. அவர் கொட்டாவி விட்டார்.

பிறகு உரல் காட்சி வந்தது. மண்சுவருக்கு முன்னால் ஆறு பெண்கள். உலக்கைகள் எழுந்து விழுந்தன. வியர்வை ஓடிய கைகளில் நரம்புகள் தெரிந்தன. அவர் கதிரையின் நுனிக்கு வந்தார்.

"இது நல்லாக் கிடக்கு, ராசு. இது உண்மையாக் கிடக்கு."

ராசு ரீவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"உந்தப் பிள்ளையள் ஒருநாளைக்கு எவ்வளவு நேரம் குத்துதுகள்?"

"காட்சிக்கு மட்டும்தான் அண்ணை. நடிப்புத்தானே."

"நடிப்பில உந்தக் கை வராது." அவர் இன்னும் ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர்போல் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், அந்தக் காலத்தில வயசு போன மனிசியளும் நெல்லுக் குத்தினவைதானே?"

"ஓம்" என்றார் யோகலிங்கம் மாஸ்ரர். "சொல்லப்போனால் வயசான பொம்பிளையள்தான் கூட..."

அவ்வளவில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. முப்பது வருடம் வகுப்பில் யார் எழுந்து எதைக் கேட்டாலும் தெரிந்ததை உடனே சொல்லிப் பழகிய வாய் அது.

"அப்பச் சரி" என்றார் வந்தவர். "வயசானவையைப் போட்டு எடுங்கோ. சரித்திரமும் பிழைக்காது."

எல்லாம் மிக விரைவாக நடந்தது. சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. "ஏறுங்கோ பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்கள். பிள்ளைகள் வன்னிச்சி வீட்டுப் பெண்களாக, முரட்டுத் துணியைக் குறுக்காகக் கட்டியபடி நின்றார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பெண்களின் கழுத்தில் மஞ்சள் கார்ட் தொங்கக் கூடாது என்பதால், காட்சி எடுக்கும்போது கார்ட்டுகளைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். பிரேமிளா அந்த ஆணியை நோக்கி ஓடினாள். பிக்கப்பில் வந்த மற்றவர் குறுக்கே நின்று, "அது தேவையில்லைத் தங்கச்சி" என்றார்.

"அக்கா, காட்சி முடியேல்லையெண்டு சொல்லுங்க" என்று பிரேமிளா கத்தினாள். "அக்கா, முடியேல்லையெண்டு சொல்லுங்க!"

"காட்சி முடியேல்லை" என்றாள் இராசமலர். "அண்ணை, அந்தக் காட்சி இன்னும் முடியேல்லை."

பிக்கப்பின் பின்கதவை மூடும் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. விமலேஸ்வரி ரீச்சர் பாசிமாலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ராசு கமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

மீனம்மா வழக்கம்போல் சோற்றுப் பெட்டியோடு வந்தாள். உரல்கள் இருந்தன, உலக்கைகள் நிலத்தில் கிடந்தன. யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நின்று பார்த்துவிட்டு, சோற்றுப் பெட்டியை ஓர் உரலின் மேல் வைத்தாள்.

"படம் முடிஞ்சு போச்சா, ஐயா?" என்று ராசுவைக் கேட்டாள்.

"இல்லை அம்மா."

"அப்ப கார்டு செல்லும்ல?"

மீனம்மா சுவரருகே போய், ஆணியில் தொங்கிய கார்ட்டுகளில் மகளின் பெயர் எழுதியதைப் பிரித்து எடுத்தாள். அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"படம் முடியற வரைக்கும்னுதானே சொன்னீங்க. முடியலையில்ல? அப்ப எம்புள்ளயக் கொண்டாந்து விடத்தானே வேணும். ஆளு இல்லாம எப்படி எடுப்பீங்க? அது வர்ற வரைக்கும் நான் குத்தறேன்."

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வயதானவர்களைப் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தபடியால் மீனம்மாவையும் ஊரிலிருந்து இன்னும் சிலரையும் நிற்க வைத்து எடுத்தார்கள். மற்றவர்கள் எடுத்து முடிந்ததும் போய்விடுவார்கள். மீனம்மா போவதில்லை. கமரா ஓடாத நேரத்திலும் குத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் போகும்போது இராசமலரின் கையைப் பிடித்து, "தங்கச்சி, சீக்கிரமா முடிச்சிடாத. இன்னும் ரெண்டு எழுதிப் போடு" என்றாள்.

இராசமலர் எழுதினாள். வன்னிச்சி காய்ச்சலில் படுத்தாள், எழும்பினாள். யானை ஒன்று கட்டறுத்தது. மழை பொய்த்தது, பெய்தது. மாஸ்ரர் எல்லாவற்றையும் வாசித்து, "ஓம், உப்பிடியும் நடந்திருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருநாள் மட்டும், கேட்காமலே சொன்னார்:

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாம், பிள்ளை. ஒரு சொல்லு. வயசானவை குத்திறேல்லை எண்டு."

"சொன்னாலும் கொண்டு போயிருப்பினம், மாஸ்ரர்."

"ஓம். அதுவும் மெய்தான்." வாசித்த தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "எண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆடி மாதம் மேற்கிலிருந்து ஷெல் சத்தம் வரத் தொடங்கியது. மன்னார் வீதியால் ட்ராக்டர்களில் சனம் வந்து இறங்கியது. கட்டில், கோழிக்கூடு, கூரைத் தகரம், கதவு நிலை என்று வீட்டையே கழற்றி ஏற்றியிருந்தார்கள். களஞ்சியத்தின் வாசலில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. சாமான்களைக் கட்டச் சொல்லி ராசுவுக்கும் உத்தரவு வந்தது. படத்தை முடித்துவிட்டுக் கட்ட வேண்டும்.

அதே நாள் காலையில் இன்னொரு செய்தியும் வந்தது. அதை ராசு, இராசமலரையும் மாஸ்ரரையும் களஞ்சியத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"பிரேமிளா. ஒரு கிழமைக்கு முதல், சண்டையில. உடம்பை எடுக்கேலாமப் போச்சு. தாய்க்கு நீயே சொல்லெண்டு என்னட்டை விட்டிருக்கினம்."

சுவருக்கு அந்தப்பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே உலக்கை. எழும்பி விழும் இடைவெளிக்குள் மறுஉலக்கையின் சத்தம் இல்லாத சத்தம்.

இராசமலர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பெட்டிகூட இல்லை என்று நினைத்தாள். தடவிப் பார்க்க மூடிகூட இல்லை.

"இப்ப சொல்லேலாது" என்றான் ராசு. "கடைசிக் காட்சியை எடுத்து முடிப்பம். முடிச்ச கையோட நான் சொல்லுறன்." அவன் மாஸ்ரரைப் பார்த்தான். "மாஸ்ரர், வன்னிச்சி எப்பிடிச் செத்தா? அதைச் சொன்னீங்களெண்டா மலர் எழுதிப்போடுவா. பின்னேரத்துக்கிடையில எடுத்திடலாம்."

இராசமலருக்கு அது தெரியும். மாஸ்ரர் முன்பே சொல்லியிருந்தார். ஒல்லாந்தரின் குறிப்பொன்றில் இரண்டே வரி. கதிரநாச்சி காட்டுக்குள் ஒரு கொட்டிலில் காய்ச்சலால் செத்துப்போனாள். அப்போது அவளோடு ஒரேயொரு வேலைக்காரிதான் இருந்தாள். வாளில்லை, நெருப்பில்லை. எடுப்பதற்கு ஒரு பாயும் இரண்டு பெண்களும் போதும்.

மாஸ்ரர் சுவரின் மூலைவரை போனார். அங்கிருந்து முற்றம் தெரியும். மீனம்மா உலக்கையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக் குத்திக்கொண்டிருந்தாள், மகள் செய்ததுபோலவே. மஞ்சள் கார்ட் அவள் மார்பில் எழும்பி விழுந்தது.

"தெரியாது" என்றார் மாஸ்ரர்.

"என்ன மாஸ்ரர்?"

"வன்னிச்சி எப்பிடிச் செத்தாவெண்டு சான்று இல்லை." அவருடைய காதுகள் சிவந்தன. கழுத்துவரை சிவந்தது. "பளைப் பக்கம் ஒரு வீட்டிலை ஏடு கிடக்கெண்டு கேள்வி. அதைப் பாக்காமல் முடிவு எழுதினால் சரித்திரம் பிழைச்சுப்போம்."

"ஷெல் விழுற பளையில இப்ப ஆர் இருக்கினம், மாஸ்ரர்?"

"விசாரிக்கோணும். ஆரும் இருப்பினம். நாள் எடுக்கும்."

ராசு அவருடைய காதுகளைப் பார்த்தான். இராசமலரும் பார்த்தாள். களஞ்சியத்து வாசலில் யாரோ ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட அதட்டினார்கள். மேற்கே மறுபடி சத்தம் கேட்டது, முன்னதைவிடக் கிட்ட.

"அப்ப விசாரியுங்கோ" என்றான் ராசு.

முற்றத்துக்குப் போய், ஒற்றைக் கையால் கமராவின் துணியை விலக்கினான்.

"என்ன ஐயா, முடிக்கப் போறீங்களா?" என்றாள் மீனம்மா, உலக்கையைப் பிடித்தபடி.

"இல்லை அம்மா. உரல் காட்சியை இன்னொருக்கா எடுப்பம்."

அவள் முகம் தெளிந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கமராவைப் பார்த்தாள், கழுத்துக் கார்ட்டைக் கழற்றச் சொல்வார்களோ என்று. சரித்திரப்படி அது அங்கே இருக்கக் கூடாது. அவள் மாஸ்ரரைப் பார்த்தாள்.

"கிடக்கட்டும்" என்றார் மாஸ்ரர்.

உரலில் நெல் எப்போதோ அரிசியாகி, அரிசி மாவாகியிருந்தது. உலக்கை விழுந்தபோது அது வெள்ளையாகக் கிளம்பி, அவளுடைய கையிலும் தலைமயிரிலும் கார்ட்டிலிருந்த பெயரிலும் படிந்தது.